தேர் நிலைக்கு வரும் வரை
மோட்டார் சைக்கிள் பேரணியின் நிறைவு விழாவை இனிது நடத்துவது எப்படி?

கோயில் திருவிழாவிலே தேரை வெளியே இழுத்து வருவது ஒரு காரியம். அதனைத் திரும்பவும் நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மற்றொரு காரியம். முதற் காரியத்துக்கு ஆட்பஞ்சம் இராது. வடம் பிடிக்க நான் முந்தி, நீ முந்தி என்று ஊரே திரண்டுவிடும். வெயிலேறிக் களைப்பு மிகுந்து கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு, தெருக்கோடியில் நிற்கும் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவருபவர் சிலரே. ஆயினும், தேர் நிலைக்கு வந்துவிட்டது என்ற சொல் காதில் விழுந்த பின்னரே தர்மகர்த்தா நிம்மதியாக மூச்சு விடுகிறார்.

மோட்டார் சைக்கிள் சங்கங்கள் நடத்தும் பேரணிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பேரணி என்பது பந்தயமன்று. பல ஊர்களிலிருந்தும் தத்தம் வண்டிகளில் புறப்பட்டு, குறித்த ஓரிடத்தில் வந்து கூடி, இரண்டொரு நாள் கலந்து பழகிப் பிரிவதே பேரணி. வரவேற்புக்கும் தோரணத்துக்கும் மாதக்கணக்கில் யோசிக்கும் சங்கத்தார், நிறைவு விழாவைக் கடைசி நேரத்துக் கைவேலையாக விட்டுவிடுகின்றனர். நீண்ட பிரசங்கங்கள், காலந்தாழ்ந்த பரிசளிப்பு, கனத்த சாப்பாடு, அதன்பின் பொழுது சாய்ந்த வேளையில் அவசரப் புறப்பாடு என்று அது முடிகிறது. சமவெளியில் இது வெறும் அலுப்போடு போகலாம். மலைநாட்டிலோ இதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆதலால் ராகலை போன்றதோர் ஊரில் பேரணியை நிறைவு செய்ய எண்ணும் சங்கத்தார் எவ்வெவற்றைக் கருத வேண்டும் என்பதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

கடைசி நிலையமாக இருந்த ஊர்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது ராகலை. ஒரு புறம் தேயிலை, மறு புறம் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகள். மேலே மேகம், கீழே ஓடை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊர்களைத் தொட்டு, 2 அடி 6 அங்குல அகலமேயுள்ள குறுகிய தண்டவாளத்தில் ஒரு சிறிய ரயில் 1904-ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டியது. மோட்டார் வாகனங்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் அது 1940-களில் நின்றுபோயிற்று. அந்தப் பாதையின் கடைசி நிலையம் ராகலையே. இவ்வாறு ரயில் வண்டியை நிறுத்தித் திருப்பி அனுப்பிய ஊர், பேரணியின் நிறைவு நாளுக்கும் மிகப் பொருத்தமானது.

மலையகத்துக்கும் மோட்டார் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று ஏற்பட்டதன்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934-ஆம் ஆண்டில் தொடங்கியது. இலங்கையின் மோட்டார்ப் போட்டிகளுள் மிகப் பழமையானது அதுவே. நானுஓயாவுக்கு அருகே ரதல்லையிலும் மலையேற்றப் போட்டிகள் நடந்துள்ளன. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போட்டி பார்க்கச் சென்ற தாத்தாக்களின் கதைகள் லயங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன.

ஆனால், அண்மைக் காலத்துச் செய்தியொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் திகதி, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் போட்டியில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்தினுள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பேரணி பந்தயமன்று என்று முன்னர் கூறினோம். எனினும் வண்டியும் கூட்டமும் ஒருங்கே சேருமிடத்தில் எதை முதலில் எண்ண வேண்டுமென்பதை அந்தச் சம்பவம் நமக்குப் போதிக்கிறது.

காலமும் இடமும்

முதலாவது, மாதம். ஏப்ரல் நடுவில் நுவரெலியா முழுவதும் உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழியும். தங்க அறையும் கிடையாது, சாலையில் இடமும் கிடையாது. பிற்பகல் இடிமழையும் அக்காலத்தில் வழக்கம். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை பெருகி மண் சரியும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகச் சாலைகள் பல துண்டாடப்பட்டதை யாவரும் அறிவர். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு கடுங்குளிராயினும் பகல் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். எம்மாதமாயினும் பரீட்சைக் காலத்தையும் போயா தினத்தையும் விலக்கி நாளைக் குறிப்பது நன்று. புறப்படும் வழியை முந்தின நாள் ஒருவர் நேரில் சென்று பார்த்து வருதல் வேண்டும்.

இரண்டாவது, வேளை. மலைநாட்டில் நிறைவு விழா காலை வைபவமாகவே இருத்தல் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மூடுபனி எந்நேரமும் இறங்கலாம். இறங்கிவிட்டாலோ, பத்தடிக்கு அப்பால் வருவது லொறியா மாடா என்பதே தெரியாது. ஆகவே விருந்து, ஆடல் பாடல், தீமூட்டிக் குளிர்காய்தல் ஆகிய கேளிக்கைகள் யாவும் சனிக்கிழமை இரவோடு முடியட்டும். அதுவும் இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கி ஓய்ந்துவிட வேண்டும். சட்டமும் அதுவே, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய்மாருக்குக் காட்டும் மரியாதையும் அதுவே. ஞாயிறு காலையில் விழாவைத் தொடங்கி, நண்பகலுக்குள் கொடியை இறக்கிவிடலாம்.

மூன்றாவது, இடம். ஞாயிற்றுக்கிழமை தோட்ட மக்கள் சாமான் வாங்க ராகலைக் கடைவீதிக்கு இறங்கிவரும் நாள். நூறு மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் வியாபாரியும் சபிப்பார், வாங்க வந்தவரும் சபிப்பார். பாடசாலை மைதானமோ தோட்டத்து விளையாட்டு மைதானமோ அனுமதி பெற்றுக் கொள்ளப்படுமாயின் சாலச் சிறந்தது. அங்கும் வண்டிகளை ஓரத்தில் ஒரே வரிசையாக நிறுத்த வேண்டும். பிள்ளைகள் பந்தாடும் புல்வெளியில் எண்ணெய் சிந்துவதும் டயர் உழுவதும் கூடா.

ஊராரே விருந்தளிப்போர்

வெளியூரிலிருந்து வருவோர் பலர், தாமே விழாவின் சொந்தக்காரர் என்றும், ஊரார் வேடிக்கை பார்ப்போர் என்றும் நினைக்கின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. வருவோர் விருந்தினர், ஊராரே விருந்தளிப்போர். விருந்தினர் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டும். பாடசாலை அதிபர், கோயில் பரிபாலன சபையார், தோட்டத் துரை, தோட்டத் தலைவர்மார், கடைக்காரர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஆகியோரை ஒரு மாதத்துக்கு முன்பே சங்கக் காரியதரிசி நேரில் கண்டு பேசுதல் வேண்டும். கடிதம் அனுப்பினால் போதாது. வாசலில் நின்று, "ஐயா, இன்ன நாளில் இத்தனை வண்டிகள் வருகின்றன; உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் எது?" என்று கேட்பதிலே பாதி விழா முடிந்துவிடும்.

சங்கத்தார் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதேனும் கொண்டுவர விரும்புவது இயல்பு. அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டு அப்பியாசக் கொப்பி கொண்டுவந்தால் நூறு வண்டியில் நூறு கட்டுச் சேரும். மிக நல்ல காரியம். ஆனால் பிள்ளைகளை மேடைக்கு முன் வரிசையாக நிறுத்தி, கையேந்த வைத்துப் படம் பிடிப்பது வேண்டாம். கொப்பிகளை அதிபரிடம் ஒப்படைத்துவிட்டால் யாருக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரியும். மேடையில் பிள்ளைகள் நிற்பார்களாயின் பாட்டுக்காகவோ பேச்சுக்காகவோ நிற்கட்டும்.

கலைஞரை அழைக்கும்போதும் இக்கவனம் வேண்டும். தப்பு முழங்கினால் மலையே எழுந்து ஆடும். அதைவிடச் சிறந்த வரவேற்பு வேறில்லை. கோலாட்டமும் கும்மியும் கண்ணுக்கு விருந்து. ஆனால் காமன் கூத்தைப் பத்து நிமிடம் ஆடிக்காட்டச் சொல்வது தகாது. மாசி மாதத்தில் காமன் நட்டு, விரதமிருந்து ஆடும் வழிபாடு அது. நேரம் போக்கும் வேடிக்கையன்று. அழைக்கப்பட்ட கலைஞர் எவராயினும் பேசிய சன்மானத்தை மேடையிலிருந்து இறங்கியவுடன் கையில் கொடுத்துவிடுவதே முறை.

மெதுவாகப் போனவருக்கே வெற்றி

பேரணியின் நிறைவில் ஒரு விளையாட்டாவது இல்லாவிடில் இளைஞர் மனம் ஆறாது. வேகப் போட்டி வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாக மெதுவோட்டப் போட்டி வைக்கலாம். முப்பது மீற்றர் நீளமான நேர்ப்பாதையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, ஒவ்வொருவராக ஓட்டச் செய்தல் வேண்டும். கால் தரையில் படக்கூடாது, வண்டி நிற்கக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. எல்லோரிலும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு மறுகோடி சேர்பவரே வெற்றியாளர். பெரிய வண்டியில் வந்த வீரர் தள்ளாடிக் கால் ஊன்றுவதும், கொழுந்து மலைக்குப் போய்வரும் பழைய வண்டிக்காரர் ஆமைபோல் நகர்ந்து பரிசைத் தட்டிக்கொள்வதும் சிரிப்புக்கு இடமாகும். உள்ளூராரும் இதில் சேரலாம். மலைச் சாலையில் வேகத்தைவிட வேண்டப்படுவது சமநிலையும் நிதானமுமே என்னும் பாடமும் இதில் மறைந்து கிடக்கிறது.

இதற்கும் பாதுகாப்பு உண்டு. பாதையின் இரு பக்கமும் தள்ளிக் கயிறு கட்டி, பார்வையாளர் அதற்கு அப்பால் நிற்றல் வேண்டும். பாதையின் முடிவில் எவரும் நிற்கலாகாது. பிள்ளைகளைக் கவனிக்க இருவர் வேறு வேலையின்றி நியமிக்கப்படுவாராக. ஊர்வலம் செல்வதாயின் நடைவேகத்திலேயே செல்லட்டும். எஞ்சினை உறுமவிட்டு ஊரை எழுப்புவது வீரமன்று. தொட்டிற் குழந்தையும் நோயாளியும் ஊருக்குள் இருக்கின்றனர்.

பரிசு யாருக்கு?

உலக வழக்கத்தையும் சற்றே பார்ப்போம். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் முதற் பேரணி 1936-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஸ்திரேசா நகரில் நடந்தது. அந்தப் பேரணிகளில் விரைவாக வந்தவருக்குப் பரிசில்லை. எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு தூரம் கடந்து வந்தனர் என்பதே கணக்கு. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கொடியோடு அணிவகுத்துச் செல்லும் ஊர்வலமே அவற்றின் சிகரம். ஜெர்மனியில் 1956 முதல் குளிர்காலப் பனியில் நடக்கும் ‘யானைச் சந்திப்பு’ வேறொரு வகை. யானை என்று செல்லப் பெயர் பெற்ற, பக்கப்பெட்டி பூட்டிய பெரிய மோட்டார் சைக்கிளின் பெயரால் அது வழங்குகிறது. அங்கே சாலையில் உயிர்நீத்த தோழர்களை நினைந்து இரவில் தீவட்டி ஏந்திச் செல்வர்.

இவ்விரண்டிலும் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கன உள. மிகத் தூரத்திலிருந்து வந்தவர், அதிகம் பேரை அழைத்து வந்த சங்கம், மிகப் பழைய வண்டியை நன்றாகப் பேணுபவர், வயதில் மூத்தவர், தனியே ஓட்டி வந்த பெண்மணி, வழியில் பழுதான பிறர் வண்டிக்குத் தன் நேரத்தைக் கொடுத்து உதவியவர் ஆகியோருக்குப் பரிசுகள் வழங்கலாம். கடைசியாகக் குறிப்பிட்டவரைத் தெரிவு செய்யும் உரிமையை அங்கத்தவரின் வாக்குக்கே விட்டுவிட வேண்டும். அப்பரிசைப் பெறுபவருக்கு எழும் கைதட்டல் வேறெவருக்கும் எழாது.

பரிசுப் பொருளைக் கொழும்பிலிருந்து வாங்கி வருவானேன்? மலையில் விளையும் தேயிலையே இருக்கிறது. எடை குறைவு, உடையாது, வீட்டார் யாவருக்கும் பயன்படும். கோவாவும் லீக்ஸும் கொடுத்தால் அன்பு மிகும்; ஆனால் மோட்டார் சைக்கிளில் கட்டிச் செல்வது எங்ஙனம் என்று வாங்குபவர் விழிப்பார்! பரிசளிப்புக்குப் பின் அரை நிமிடம் எல்லோரும் தலைக்கவசத்தைக் கையிலேந்தி, சாலையில் மாண்டோரை நினைந்து மௌனமாக நிற்பார்களாக.

பேச்சும் சாப்பாடும்

அக்கிராசனர் உட்பட ஐவர், ஆளுக்கு மூன்று நிமிடம். இதற்கு மேல் பேச்சு வேண்டாம். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் அவசியம். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தவர்கள் ஒரு வார்த்தையும் புரியாமல் வெயிலில் நிற்பது விருந்தோம்பலாகாது. வந்தனோபசாரம் கூறுபவர் பிரமுகர்களின் பட்டியலைப் படித்துவிட்டு அமர்ந்துவிடலாகாது. சமைத்தவர், பாத்திரம் கழுவியவர், இரவு முழுவதும் வண்டிகளுக்குக் காவலிருந்தவர், தப்படித்தவர் ஆகியோரின் பெயர்களை முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்து வாசிப்பாராயின், அந்த விழா பல ஆண்டுகளுக்கு ஊரில் பேசப்படும்.

சாப்பாட்டைப் பற்றி இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் ஒன்று சொல்வோம். புறப்படுமுன் சோறும் கறியுமாக வயிறு நிறைய உண்டால் கண் சொக்கும். வளைவுச் சாலையில் அது பகை. பெருவிருந்து முந்தின இரவே நடக்கட்டும். நிறைவு நாளில் சுடச்சுடக் கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, ஒரு வாழைப்பழம், தேநீர் போதும். பலவகை மதத்தாரும் வருவதால் பொதுச் சமையல் சைவமாயிருப்பதே தொல்லையற்றது. மது சம்பந்தமாக நமது அபிப்பிராயம் ஒன்றே: நிறைவு நாளில் ஒரு துளியும் ஆகாது, முந்தின இரவு அருந்தியது காலையிலும் உடம்பில் நிற்கக்கூடும் என்பதையும் மறவாதிருப்பீர்.

புறப்படுமுன் இன்னுமொரு கடமை உண்டு. இந்த மலைகளின் ஓடைகள் லயத்துக் குழாய்க்குச் சென்று, பின்னர் மகாவலியில் போய்ச் சேர்வன. அங்கத்தவர் யாவரும் வரிசையாக நின்று மைதானத்தை ஒருமுறை நடந்து, கடதாசியும் போத்தலும் பொறுக்கி எடுக்கப் பத்து நிமிடமே பிடிக்கும். இருநூறு கைகள் சேர்ந்தால் இது வேலையாகவே தோன்றாது.

காலை நிகழ்ச்சி நிரல்

சங்கத்தார் வசதிக்காக ஒரு மாதிரி நிரலைத் தருகிறோம். 7.30-க்குக் காலையுணவு. 8.15-க்கு மெதுவோட்டப் போட்டி. 9.15-க்கு ஊர்வலம். 10-க்குத் தப்பு முழக்கத்தோடு மைதானம் திரும்புதல், பிள்ளைகளின் பாட்டு. 10.30-க்குப் பேச்சும் பரிசளிப்பும். 11.15-க்கு மௌன அஞ்சலி, வந்தனோபசாரம், கொடியிறக்கம். 11.30-க்கு ரொட்டியும் தேநீரும், துப்புரவு. 12.15-க்கு முதற் குழு புறப்பாடு. 1 மணிக்குக் கடைசிக் குழு. மழை வந்தால் விளையாட்டையும் ஊர்வலத்தையும் விட்டுவிட்டு, பாடசாலை மண்டபத்தில் மற்றவற்றை நடத்தலாம். எக்காரணம் கொண்டும் புறப்படும் நேரம் பின்தள்ளப்படலாகாது.

வீடு சேரும் வரை

ராகலையிலிருந்து வீடு திரும்புவோருக்கு இரண்டு பிரதான வழிகள். கந்தப்பளை மேட்டை ஏறி நுவரெலியாவை அடைந்து, றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குவது ஒன்று. வலப்பனை, ரிக்கிலகஸ்கடை, ஹங்குராங்கெத்தை வழியாக இறங்குவது மற்றொன்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். எவ்வழியாயினும் இறக்கமும் கொண்டையூசி வளைவும் நிறைந்தவை.

இறக்கத்தில் பிரேக்கை ஓயாது அழுத்திப் பிடித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது பழைய சாரதிகளின் வாக்கு. எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்றலில் விடுவது பெருந்தவறு. காய்கறி லொறிகள் சிந்திய சேறும் தண்ணீரும் வளைவுகளில் கிடக்கும் என்பதை எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

ஆறு அல்லது எட்டு வண்டிகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து செல்வது நலம். முன்னே அனுபவசாலி ஒருவர். அவருக்கு அடுத்ததாகப் புதியவர். எல்லோருக்கும் பின்னே ஆயுதப்பெட்டியும் முதலுதவிப் பெட்டியும் கொண்ட மற்றோர் அனுபவசாலி. முன்னவரை எவரும் முந்தலாகாது. பின்னவரை எவரும் பின்னே விடலாகாது. பின்னாசனத்தில் இருப்பவருக்கும் தலைக்கவசம் உண்டா என்று பார்த்த பிறகே குழு நகரலாம்.

இனி, நிறைவு விழாவின் கடைசி நிகழ்ச்சி. அது மைதானத்தில் நடப்பதன்று. புறப்பட்டோர் அனைவரின் பெயர்களும் எழுதிய கடதாசியோடு காரியதரிசி தொலைபேசியருகே அமர்ந்திருக்க வேண்டும். வீடு சேர்ந்த ஒவ்வொருவரும் "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். அவர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு இட வேண்டும். குறித்த நேரம் கடந்தும் கோடிடப்படாத பெயர் இருந்தால் அவரே அழைத்துக் கேட்க வேண்டும். பதில் இல்லையேல் அக்குழுவின் பின்னவரை விசாரிக்க வேண்டும். சோர்வு கண்ணை அழுத்தினாலும் பட்டியல் முடியும்வரை அவருக்கு உறக்கமில்லை.

கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடே அரிதாகிவிட்ட இக்காலத்தில் இது கடினமான காரியமன்று. கேடயத்துக்கும் பந்தலுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சதமும் இதற்கு வேண்டியதில்லை. வாசலில் கண் வைத்துக் காத்திருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் இந்த விழாவுக்கு வராத அங்கத்தவர்கள். அவர்களுக்கும் உரிய நிகழ்ச்சி இஃதொன்றே. கடைசிப் பெயருக்கு எதிரே கோடு விழும்போதுதான் தேர் நிலைக்கு வருகிறது. காரியதரிசி விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகலாம்.